ஜிரோவுக்குக் கூடாரம் கட்டும் முன்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. குமரன், சுந்தர், அன்வர் மூவரோடும் செப்டம்பர் கடைசியில் அருணாசலப் பிரதேசத்து ஜிரோ இசைவிழாவுக்குக் கிளம்புவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. 2012இல் தொடங்கிய விழா அது. மலைகள் சூழ்ந்த நெல்வயல் பள்ளத்தாக்கில், அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளான அபதானி மக்கள் மூங்கிலால் எழுப்பும் மேடைகளில் நடக்கிறது. அங்கே விடுதி தேடாமல் கூடாரத்திலேயே தங்குவது என்று முடிவெடுத்தீர்கள் பார், அது சரியான முடிவு. ஆனால் பாட்டை நிம்மதியாகக் கேட்பீர்களா, நடுங்கிக்கொண்டு கேட்பீர்களா என்பது கூடாரம் கட்டும் முதல் அரைமணி நேரத்தில் தீர்மானமாகிவிடும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அனுமதிச் சீட்டு. அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைய வெளிமாநிலத்தார் எல்லோருக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆளுக்கு இரண்டு அச்சுப்படிகள் எடுத்து, அசல் அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் சோதனைச் சாவடியில் சிக்னலோ சார்ஜோ இல்லாதபோது மாட்டிக்கொள்வீர்கள். குவஹாத்தியிலிருந்து இரவு ரயிலில் நாஹர்லகுன், அங்கிருந்து பங்கு வாடகை சுமோ வண்டியில் ஜிரோ. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனால் மலைப்பாதை. மழையில் மண் சரிந்தால் வண்டி நின்றுவிடும். விழா தொடங்கும் அன்றே போய்ச் சேரும்படி திட்டமிடாமல் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

இன்னொன்று. நம் ஊர்க் கணக்கில் பொழுதைக் கணக்கிடாதே. ஜிரோ அவ்வளவு கிழக்கே இருப்பதால் அந்த மாதத்தில் மாலை ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மூன்று மணிக்குள் கூடாரம் எழுந்து நிற்க வேண்டும். இருட்டில், தூறலில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கூடாரக் கயிற்றுக்கு முளை அடிப்பது வீண்பாடு.

கூடாரம் வாங்கும்போது 'நான்கு பேருக்கு' என்று போட்டிருந்தால் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் கணக்கு என்று அர்த்தம். பைகளுக்கு இடம் இருக்காது. நீங்கள் நால்வர் என்பதால் மூவர் கூடாரம் இரண்டு வாங்குங்கள். உள்கூடாரம், அதன்மேல் மழையைத் தடுக்கும் மேல்விரிப்பு என்று இரண்டு அடுக்கு இருப்பதாகப் பார். துணி எவ்வளவு நீர் அழுத்தம் தாங்கும் என்று மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள்: மேல்விரிப்புக்கு 3000 இருந்தால் நல்லது, தரைக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். கிளம்பும் முன் மொட்டைமாடியில் ஒருமுறை கட்டி, வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். தையல் வழியாகக் கசிந்தால் தையல் பசை தடவி ஒருநாள் காயவிட வேண்டும்.

இடம் தேர்வதில் அவசரம் வேண்டாம். பார்க்கச் சமமாக, அழகாக இருக்கும் தாழ்வான இடம்தான் இரவு மழையில் குளமாகும். குளிர்ந்த காற்றும் அங்கேதான் வந்து தேங்கும். கொஞ்சம் மேடாகப் பார்த்து, கழிப்பறைக்கும் பொது நடைவழிக்கும் தள்ளிப் போடுங்கள். வாசல், காற்று வீசிவரும் பக்கத்தைப் பார்க்காமல் மறுபக்கம் இருக்கட்டும்.

அடியில் தார்ப்பாய் விரிப்பீர்கள் அல்லவா, அதில்தான் பெரும்பாலானோர் தவறு செய்வார்கள். தார்ப்பாய் கூடாரத்தைவிட ஒரு விரல்கூட வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மேல்விரிப்பிலிருந்து வழியும் தண்ணீர் அதன்மேல் விழுந்து நேராக உங்கள் முதுகுக்கடியில் சேரும். ஓரங்களை உள்பக்கமாக, கீழ்நோக்கி மடித்துவிடு. முளைகளை, அவற்றின் தலைப்பக்கம் கூடாரத்துக்கு வெளியே சாய்ந்திருக்குமாறு நாற்பத்தைந்து பாகை சாய்வில் அடிக்க வேண்டும். கூடாரத்தோடு கொடுக்கும் மெல்லிய கம்பி முளைகள் நனைந்த இளகிய மண்ணில் நிற்காது. ஓர் அடி நீள மூங்கில் குச்சி சீவி அடித்தால் அசையாது. மூங்கிலுக்கு அங்கே பஞ்சமில்லை, ஆனால் யாருடைய தோப்பிலும் வெட்டாமல் கேட்டு வாங்குங்கள். நனைந்த துணி தொய்யும் என்பதால் தூங்கப் போகும் முன் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்டவும்.

காலையில் உள்ளே ஈரமாக இருந்தால் உடனே 'ஒழுகுகிறது' என்று நினைக்காதே. நீங்கள் விட்ட மூச்சுதான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருக்கும். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைத்தால் அது கூடும். திறந்தே வையுங்கள். மேல்விரிப்பும் உள்கூடாரமும் ஒன்றையொன்று தொடாமல் விறைப்பாக நிற்க வேண்டும். பையையோ தலையணையையோ சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

குளிர் காய்கிறோம் என்று கரியடுப்பை மட்டும் உள்ளே கொண்டுபோய்விடாதீர்கள் செல்வா. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். குளிருக்குக் கனமான போர்வையைவிட அடியில் விரிக்கும் பாய் முக்கியம், உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரைதான். நுரைப்பாய் ஆளுக்கொன்று, 5 பாகை செல்சியஸ் குளிர் வரை தாங்கும் தூக்கப்பை ஒன்று. தூங்குவதற்கென்றே ஒரு செட் உடையும் கம்பளிக் காலுறையும் இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவை. எவ்வளவு நனைந்தாலும் பகலில் அதைத் தொடாதே.

சேற்றுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியான கம்பூட் வேண்டும். இங்கிருந்து சுமக்காமல் ஜிரோவின் கடைத்தெருவான ஹபோலியில் வாங்கிக்கொள்ளலாம். தடித்த காலுறை போட்டுப் பார்த்து, ஒரு அளவு பெரிதாக எடு. பவர்பேங்க் 20,000 எம்ஏஹெச் போதும். அது 74 வாட்-ஹவர்தான், விமானத்தில் 100 வரை அனுமதி உண்டு. கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. சமையல் வாயுக் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் ஏற்ற முடியாது. அவல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கடலைமிட்டாய் கொண்டுபோங்கள். சுந்தர் சைவம், அவனுக்கு உதவும். சில்லறையாகப் பணமும் வைத்திருங்கள், சிக்னல் விட்டுப்போனால் யூபிஐ கைகொடுக்காது.

காதடைப்பானை மறக்காதே. ஒலிபெருக்கி அருகே 100 டெசிபல் சாதாரணம். அந்த அளவில் பாதுகாப்பான நேரம் பதினைந்தே நிமிடம் என்பது அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தின் (NIOSH) கணக்கு. நுரை அடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதின் மேல்பகுதியை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, உப்பும் வரை அரை நிமிடம் பிடித்திரு. சும்மா நுனியில் செருகினால் பயனில்லை. இரவில் பக்கத்துக் கூடாரத்தின் கிட்டாருக்கும் அதுவே துணை.

ஒன்று மிக முக்கியம். அபதானிகள் நெல்லோடு வயலிலேயே மீனும் வளர்ப்பவர்கள். நீங்கள் போகும்போது கதிர் முற்றியிருக்கும். குறுக்குவழி என்று வரப்பில் நடந்து கரையை உடைத்துவிடாதீர்கள், வயல் நீரோடு மீனும் போய்விடும். முகத்தில் பச்சை குத்திய மூதாட்டிகளைக் கண்டால் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

கடைசி நாள் கூடாரம் நனைந்தபடிதான் மடிக்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. வீடு வந்த அன்றே நிழலில் விரித்துக் காயப்போடு. அப்படியே சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து, நீர்புகாப் பூச்சு உரிந்துவிடும். என்னிடம் இரண்டு நுரைப்பாய் இருக்கின்றன. வேண்டுமென்றால் எழுது, அடுத்த வாரம் பார்சலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
ரகு