இரண்டு மேஜரும் கையில் வந்தால்: பழைய பார்ட்னருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி, இனிமேல் டைமண்டை ஹார்ட் என்று நினைத்துப் போட்டேன் என்று சாக்கு சொல்ல முடியாது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மகள் வேலை மாறி பெங்களூரு போய்விட்டாள், வீடு அமைதியாகிவிட்டது, சாயங்காலமானால் நான் பிபிஓவில் (இணையத்தில் பிரிட்ஜ் சீட்டாடும் தளம்) உட்கார்ந்துவிடுகிறேன், சாப்பிடக் கூப்பிட்டுத் திட்டு விழும் வரைக்கும்.

சரி, பிரிட்ஜில் ஸ்பேடும் ஹார்ட்டும் (இவைதான் மேஜர்) ஐந்தைந்தாக வந்தால் ஸ்லாமுக்கு, அதாவது 13 பிடியில் 12 எடுக்கும் 6 ஏலத்துக்கோ 13-உம் எடுக்கும் 7-க்கோ, எப்படிப் போவது என்று நீ கேட்டதற்கு வருகிறேன் (ஏல எண்ணோடு 6 கூட்டினால் எடுக்க வேண்டிய பிடி). பார்ட்னர் 15-17 பாயிண்டில் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) 1 நோட்ரம்ப், அதாவது துருப்பில்லாத ஏலம், திறக்கிறார். உன்னிடம் ஸ்பேடில் கிங், குயின், 8, 6, 4. ஹார்ட்டில் ஏஸ், ஜாக், 9, 7, 3. டைமண்ட் ஒற்றை 6. கிளப்பில் ஏஸும் 5-உம். மொத்தம் 14 பாயிண்ட். நேராக 4 நோட்ரம்ப் அடித்து ஏஸ் கேட்டுவிடலாமே என்கிறாய். முதலில், 1 நோட்ரம்ப்புக்கு மேல் நேரடி 4 நோட்ரம்ப் என்றால் பெரும்பாலானவர்களுக்கு அது ஏஸ் கேள்வியே இல்லை, "கை கனமாக இருந்தால் 6 போ" என்ற அழைப்பு. அது கிடக்கட்டும், கேட்கவே முடிந்தாலும் அது சீக்கிரம். அவருடைய பாயிண்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கையில் எல்லாமே.

பார்ட்னரிடம் இருக்கக்கூடிய இரண்டு கைகளைப் பார். முதல் கையில் ஸ்பேட் ஏஸ், 7, 5. ஹார்ட் கிங், குயின், 6, 2. டைமண்ட் ஏஸ், 8, 4. கிளப் குயின், 7, 3. இரண்டாவதில் ஸ்பேட் ஜாக், 7, 2. ஹார்ட் கிங், 8, 2. டைமண்ட் கிங், குயின், ஜாக், 4. கிளப் கிங், குயின், 3. இரண்டும் சரியாக 15 பாயிண்ட், உன்னுடையதோடு சேர்ந்து இரண்டு முறையும் 29. ஸ்லாமுக்கு 33 வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கை நம்பினால் இரண்டிலுமே 4-இல் நின்றுவிடுவாய். ஆனால் முதல் கையோடு ஸ்பேட் 3-2 ஆகப் பிரிந்தால் (68 விழுக்காடு வாய்ப்பு) ஹார்ட் துருப்பில் 13 பிடியும் நம்முடையது. இரண்டாவதோடு ஸ்பேட் ஏஸும் டைமண்ட் ஏஸும் எதிராளி கையில், 6 போனால் அப்போதே டவுன், ஏலம் தோற்றுவிடும்.

அதனால் ஏலத்தில் முதல் வேலை இரண்டு சூட்டையும் சொல்வது. 2 ஹார்ட் டிரான்ஸ்ஃபர் (அடுத்த சூட்டான ஸ்பேடை அவரைச் சொல்ல வைப்பது), அவர் 2 ஸ்பேட், நீ 3 ஹார்ட். இது கேம் (மேஜரில் 4 ஏலம்) வரை நிற்காது, ஐந்துக்கு ஐந்து. (அழைப்பு மட்டும் என்றால் 2 டைமண்ட் டிரான்ஸ்ஃபர் போட்டுவிட்டு 2 ஸ்பேட்.) மேஜர் ஐந்துக்கு நான்காக இருந்தால் வழி வேறு, ஸ்டேமன் (நான்கு கார்டு மேஜர் உண்டா என்று கேட்கும் 2 கிளப்) போட்டு ஸ்மோலன் என்ற முறை, அதை இன்னொரு நாள் பேசுவோம். இரண்டாவது கைக்காரர் டைமண்ட், கிளப் கிங் குயினெல்லாம் உனக்கு வீண் என்று புரிந்துகொண்டு 4 ஸ்பேட் என்று படுத்துவிடுவார். முதல் கைக்காரர் 4 டைமண்ட் சொல்வார்: ஹார்ட் சம்மதம், டைமண்டில் கண்ட்ரோல் (ஏஸ் அல்லது கிங்) உண்டு, 4 கிளப்பைத் தாண்டிவிட்டதால் கிளப்பில் இல்லை.

இப்போது அடி 4 நோட்ரம்ப், இந்த இடத்தில் அது ஏஸ் கேள்விதான். இரண்டு சூட் காட்டிய பிறகு அந்த இரண்டு சூட்டின் கிங்குமே கணக்கில் வர வேண்டும், நான்கு ஏஸோடு ஆறு கீ கார்டு; இதை உன் புது பார்ட்னரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள், மேஜையில் வந்து தெரிந்துகொள்ளும் விஷயமில்லை. பதில் 5 டைமண்ட், நாம் ஆடும் 1430 என்ற பதில் முறையில் 0 அல்லது 3 கீ கார்டு. 0 ஆக இருக்க முடியாது, ஏனென்றால் கிளப் கிங்கும் இல்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார், கீ கார்டு ஒன்றுகூட இல்லாமல் 15 பாயிண்ட் சேர வழியே கிடையாது. ஆக ஆறும் நம் பக்கம்.

அப்புறம் எந்தச் சூட் துருப்பு என்பது. எனக்கு இந்தக் கையில் மிகவும் பிடித்தது இதுதான். ஸ்பேட் துருப்பானால் சாதாரண ஆட்டத்தில் 12 பிடியோடு முடியும்: ஐந்தாவது ஹார்ட்டில் அவர் ஒரு கிளப்பைத்தான் தள்ள முடியும், உன் கிளப் 5 தோற்கும். ஹார்ட் துருப்பானால் உன் நான்காவது, ஐந்தாவது ஸ்பேடில் அவர் இரண்டு கிளப்பைத் தள்ளிவிட்டு, ஏஸுக்கு மூன்றாவதைப் போட்டு, உன் கிளப் 5-ஐத் துருப்பால் வெட்டிவிடுவார். ஐந்துக்கு நான்கு பொருத்தத்தைத் துருப்பாக்கி, ஐந்துக்கு மூன்றைத் தள்ளுவதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பேட் பெரிய சூட் என்று அதன் பின்னால் ஓடுகிறவர்கள் நிறைய.

7 கேட்பதா 6 போதுமா என்று கேட்டால், டீம் ஆட்டத்தில் ஹார்ட் குயினும் இருக்கிறது என்று தெரிந்தால் நான் 7. வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லாமல் 6 ஹார்ட்டில் 13 எடுத்தால் 1010, 7 சொல்லி எடுத்தால் 1510. நீ 6-இல் நிற்பாய் என்று தெரியும், உன் சுபாவம் அப்படி.

உன் 2 ஹார்ட் டிரான்ஸ்ஃபரை எதிராளி டபுள் (இரட்டிப்பு ஏலம்) செய்தால் அந்தப் புது பார்ட்னர் என்ன சொல்வார்? அதைக் கேட்டு எழுது. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய பார்ட்னர்