80ஜி என்ன நற்சான்றிதழா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஓர் அறக்கட்டளையைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். அவர்கள் செய்யும் சேவையைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் கடைசிப் பத்தியில் உங்கள் நிருபர், "80ஜி பெற்ற, அரசு அங்கீகாரமுள்ள அமைப்பு என்பதால் நம்பிக் கொடுக்கலாம். கொடுக்கும் தொகைக்கு முழு வரிவிலக்கு உண்டு" என்று முடித்திருக்கிறார். 80ஜி என்றால், கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்க அறக்கட்டளை வாங்கி வைத்திருக்கும் ஒப்புதல். நிருபர் எழுதியதற்கு இங்கே நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன முதியோர் இல்லத்துக்குப் பொருளாளர் நான். வருஷாவருஷம் பத்தாயிரம் தருகிற மளிகைக் கடைக்காரர் போன் செய்து, "ஏன் சார், அவங்களுக்குக் கொடுத்தா முழுசும் கழியுமாம், நீங்க மட்டும் பாதின்னு சொல்றீங்க?" என்கிறார். பாதிதான் ஐயா. அதுவும் வருமானத்தில் கழியுமே தவிர, வரியில் அல்ல. பத்தாயிரம் கொடுத்தால் ஐயாயிரம் வருமானத்தில் கழியும். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சம் ஆயிரம் சொச்சம். புதிய வரிமுறைக்குப் போய்விட்டவருக்கு அதுவும் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் இல்லை. முழுத் தொகையும் கழிவது முதலமைச்சரின் பொது நிவாரண நிதி போன்ற சிலவற்றுக்குத்தான். உங்களுக்குத் தெரியாததா? மார்ச் மாதமானால் வரியை மிச்சப்படுத்த வழி சொல்லிப் பக்கம் பக்கமாகப் போடுகிறவர்கள் நீங்கள்.

அடுத்தது அந்த "அரசு அங்கீகாரம்". 80ஜி என்பது வருமானவரித் துறையின் ஏற்பாடு. இன்னும் ஒருவருக்கும் ஒருவேளைச் சோறு போடாத புது அறக்கட்டளைக்கும் தற்காலிகமாக 3 வருஷத்துக்கு அதைக் கொடுப்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்ததையும் அங்கீகாரம் என்று நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் என் பெரியப்பா எழுதிய செட்டில்மெண்டும் அரசு அங்கீகாரம் பெற்றதுதான்! இன்றைய மகாராஷ்டிரம் பம்பாய் மாநிலமாக இருந்த 1950லேயே அங்கே சட்டம் போட்டு, பொது அறக்கட்டளைகளைக் கேள்வி கேட்க ஓர் ஆணையரை வைத்தார்கள். நமக்குக் கோயில் என்றால் அறநிலையத் துறை இருக்கிறது. முதியோர் பெயரைச் சொல்லி வசூலித்தவனிடம் கணக்குக் கேட்க வேண்டுமென்றால், சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேராவது சேர்ந்து, கோர்ட்டில் அனுமதி வாங்கி வழக்குப் போட வேண்டும். யார் போவார்கள்?

2018இல் கஜா புயல் அடித்தபோது யார் யாருடைய சொந்த வங்கிக் கணக்கு எண்களையோ நிவாரண நிதி என்று போட்டீர்கள். அப்போதே எழுதினேன். வரவில்லை. நடிகர் பேட்டிக்கு இடம் தேவைப்பட்டிருக்கும்.

இந்தத் தடவை பெட்டிச் செய்தியில், "வெளிநாட்டு வாசகர்களும் இதே கணக்குக்கு அனுப்பலாம்" என்று வேறு இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டீர்களா? இருந்தாலும் அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வர வேண்டும். நீங்கள் போட்டிருப்பது தஞ்சாவூர்க் கிளை. எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. அதனால், சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட என் தங்கை மாப்பிள்ளை போன வருஷம் அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பினேன். இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் இன்னும் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது தங்கை உங்கள் பேப்பரை நீட்டி, "அவங்களால முடியுது, உனக்கு மட்டும் என்னண்ணே சட்டம்?" என்கிறாள்.

யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற 10பிடி பட்டியலை மே 31க்குள் வருமானவரித் துறையின் தளத்தில் ஏற்றாவிட்டால் நாளுக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும். அதை ஏற்றினால்தான் கொடுத்தவருக்கு, கழிவு கேட்கத் தேவையான 10பிஇ என்ற நன்கொடைச் சான்று வரும். வெறும் ரசீது போதாது. கசங்கிய துண்டுச்சீட்டில் இருக்கும் பான் எண்ணில் அது ஓவா, பூஜ்யமா என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்க்கிறவன் நான். ஒழுங்காக இருப்பவன் ஊருக்கு இளைத்தவனாகத் தெரிவதற்கு உங்கள் ஒரு பத்தி போதும்.

நான் கேட்பது அதிகமில்லை. அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் பெட்டிச் செய்திக்கும் திருத்தம் போடுங்கள். அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில். அப்புறம், இனி நன்கொடை கேட்டு எழுதும்போது 80ஜி எண்ணையும், அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் கேட்டு வாங்கிச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முதியோர் இல்லத்தின் பொருளாளர்,
கும்பகோணம்.