கடைவீதி வியாபாரிகள் சங்கம்: 2025-26 செயலாளர் அறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். செயற்குழு மாசாமாசம் கூடுச்சு, தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மனு கொடுத்தோம், விளக்கு வந்துடுச்சு, சாக்கடை வேலை இன்னும் ஆரம்பிக்கல, திரும்ப மனு போட்டிருக்கோம். இந்த வருஷம் நம்ம நேரத்துல பாதிக்கு மேல போனது கணக்கு விஷயத்துக்குத்தான், அதனால அதைப் பத்தியே எழுதுறேன்.

முதல்ல நம்ம பாத்திரக்கடை அண்ணன் விஷயம். அவரே சொல்லச் சொன்னதாலதான் சொல்றேன். மாசாமாசம் ஜிஎஸ்டி பணத்தை ரொக்கமா கணக்கு பாக்குறவர் கையில கொடுத்துட்டு வந்திருக்கார், ரசீது கேட்டதில்ல, பல வருஷப் பழக்கம். ஒரு நாள் அண்ணன்கிட்ட சரக்கு எடுக்குற இன்னொரு கடைக்காரர் போன் பண்ணி "அண்ணே, உங்க பில்லு எதுவுமே என் 2பி-ல வரலையே, என் க்ரெடிட் அப்படியே நிக்குது"ன்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது. 2பி-ன்னா நமக்கு வித்தவங்க கணக்குல காட்டின பில்லெல்லாம் ஜிஎஸ்டி வெப்சைட்ல வர்ற பட்டியல், அதுல இருந்தாத்தான் சரக்குக்குக் கொடுத்த வரியைக் கழிச்சுக்க முடியும், அதுதான் க்ரெடிட். அண்ணன் மஞ்சப்பை நிறைய பில்லோட சங்கத்துக்கு வந்தார், அந்த வெப்சைட்டைத் திறக்கலாம்னா ஓடிபி போறது கணக்கு பாக்குறவர் போனுக்கு, மெயில் ஐடியும் அவரோடதுதான். கடை இவர் பேர்ல, சாவி இன்னொருத்தர் கையில. ஏரியா ஜிஎஸ்டி ஆபீஸ்ல லெட்டரும் அடையாள ஆவணமும் கொடுத்து நம்பரை மாத்தி உள்ள போய்ப் பாத்தா மாசாமாசம் நில் ரிட்டர்ன், அதாவது விற்பனையே இல்லன்னு போட்டிருக்கு. கொடுத்த பணம் அரசாங்கத்துக்குப் போகவே இல்ல. வரியைத் திரும்ப முழுசா கட்டி, வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டியும் கட்டினார். போலீஸ்ல புகார் கொடுத்திருக்கார், அது நடந்துட்டு இருக்கு. அன்னைக்கு அவர் முகத்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும், எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரல.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைகள்ல கடை கடையா உக்காந்து ஒவ்வொருத்தர் லாகினையும் பாத்தோம், சொந்த போன் நம்பரே இல்லாதவங்க நிறைய பேரு இருந்தாங்க, மாத்திக் கொடுத்தாச்சு. கணக்கு பாக்குறவரை சந்தேகப்படணும்னு நான் சொல்லல, நல்லவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களும் இதைத்தான் சொல்றாங்க: சலானை அவங்க போட்டுத் தரட்டும், பணத்தை நீங்களே உங்க பேங்க்ல இருந்து நேரா கட்டுங்க, ரிட்டர்ன் போட்ட காப்பியை வாங்கி அதுல விற்பனைத் தொகை உங்க பில் புக்கோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. பத்து நிமிஷ வேலை.

2025 ஜூலைல பெங்களூர்ல சின்னக் கடைக்காரங்களுக்கு யூபிஐ வரவை வச்சு வணிகவரித்துறை நோட்டீஸ் அனுப்பினப்ப அங்க நிறைய கடைல யூபிஐ வேணாம்னு அட்டை மாட்டினாங்க, அதைப் பாத்து இங்கயும் நாலஞ்சு பேரு ஸ்கேனரைக் கழட்டிட்டாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. பொருள் விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம், சர்வீஸுக்கு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி-ல பதிவு பண்ணணும், அந்தக் கணக்குல ரொக்கமும் சேர்த்திதான், ஸ்கேனரைக் கழட்டுறதால எதுவும் மாறாது. பச்சைக் காய்கறி, பால் மாதிரி வரியே இல்லாத பொருள் மட்டும் விக்கிறவங்க பதிவு பண்ண வேண்டியதில்ல, ஆனா நோட்டீஸ் வந்தா அதைக் காட்ட கொள்முதல் சிட்டை கையில இருக்கணும். இன்னொண்ணு, மச்சான் திருப்பிக் கொடுத்த கடன், சீட்டுப் பணம் எல்லாம் கடை ஸ்கேனர்லயே வாங்குறோம், அப்புறம் எது விற்பனை எது வீட்டுப் பணம்னு நம்மளாலயே பிரிக்க முடியல. கடைக்குத் தனி அக்கவுண்ட் வையுங்க.

முக்குல இருக்குற டீக்கடைல ராத்திரியோட ராத்திரியா யாரோ ஸ்கேனர் அட்டை மேல வேற ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போயிருக்காங்க. காலைல இருந்து எல்லாரும் ஸ்கேன் பண்றாங்க, போன்ல பச்சை டிக் காட்டுறாங்க, ஆனா பணம் வந்தா சொல்ற ஸ்பீக்கர் பெட்டி பேசவே இல்ல, சார்ஜ் இல்லன்னு நெனச்சு வயரை மாத்தி மாத்திச் சொருகியிருக்கார். பதினோரு மணிக்கு அவர் பையன் நகத்தால சுரண்டிப் பாத்தான், அடில பழைய அட்டை. உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அடிச்சோம். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கு, அந்த நம்பரைக் கல்லாப்பெட்டி மூடில எழுதி ஒட்டுங்க. காலைல கடை திறந்ததும் ஒரு ரூபா போட்டுப் பாத்து உங்க பேர் வருதான்னு பாருங்க. பணம் வர்றதுக்கு பின் நம்பர் தேவையே இல்ல, யாராவது போடச் சொன்னா போனை வச்சிடுங்க.

இப்ப நம்ம சங்கத்துக் கணக்கு. ஊருக்குச் சொல்ற நாம முதல்ல சரியா இருக்கணும்ல. போன வருஷம் வரைக்கும் சந்தா பொருளாளரோட சொந்த ஜிபே நம்பருக்கு வந்துச்சு. அவர் ஒரு ரூபா தொட்டதில்ல, அது எல்லாருக்கும் தெரியும், ஆனா வருமானவரில கேள்வி வந்தா பதில் சொல்ல வேண்டியது அவரு, அது நியாயமில்ல. இப்ப சங்கத்துப் பேர்லயே பான் கார்டு, பேங்க் கணக்கு, ஸ்கேனர் எல்லாம் இருக்கு. செக்ல ரெண்டு பேர் கையெழுத்து, பொருளாளரும் நானும், நாங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம் கிடையாது. ரசீது புக்குல நம்பர் அச்சடிச்சிருக்கு, கெட்டுப்போன ரசீதைக் கிழிக்காம குறுக்கால கோடு போட்டு அடிக்கட்டையோடயே வச்சிருக்கோம். ஆயுத பூஜை அன்னதானத்துல காய்கறிக்காரருக்குக் கொடுத்த பணத்துக்கு மட்டும் வவுச்சர் வாங்காம விட்டுட்டோம், ஆடிட்டர் குறிச்சிருக்கார், காய்கறிக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கி இப்ப சேர்த்தாச்சு. செயற்குழுல இல்லாத உறுப்பினர் ஒருத்தர் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாஸ்புக்கையும் கேஷ் புக்கையும் ஒத்துப் பாக்கணும்னு தீர்மானம் கொண்டு வர்றோம், யார் வேணா பேர் கொடுக்கலாம்.

தணிக்கை ஆன வரவு செலவு, ரசீது அடிக்கட்டை, வவுச்சர் ஃபைல் எல்லாம் சங்க ஆபீஸ் மேஜை மேலயே இருக்கு. சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் யாரும் வந்து புரட்டிப் பாக்கலாம், நான் அங்கதான் இருப்பேன்.

செயலாளர்