தசைக் கட்டியோடு வருபவரின் நெஞ்சையும் விசாரியுங்கள்: கொழும்பின் குடும்ப வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டொக்டர்மாருக்கு,

கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் பின்னேரங்களில் டிஸ்பென்சரி நடத்தும் உங்களுக்குத்தான் இந்த மடல். பிசியோதெரபி செய்பவர்களும் வாசித்தால் நல்லது. பெரியாஸ்பத்திரி நிபுணர்களுக்கு இதை எழுதவில்லை. நோயாளி அவர்களிடம் போய்ச் சேர்வதற்குள் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. கட்டியை முதலில் தொட்டுப் பார்ப்பது நீங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். தொடையிலோ தோளிலோ முதுகிலோ தசைக்குள் நோவோடு ஒரு கட்டி இருக்கிறது, அடிபட்டதாகவும் தெரியவில்லை, சில கிழமைகள் மருந்து எடுத்தும் குறையவில்லை என்றால், அந்த ஆளின் நெஞ்சைப் பற்றியும் விசாரியுங்கள். நுரையீரல் புற்றுநோய் தசைக்குப் பரவியும் இப்படிக் கட்டி வரலாம். இருமல் எவ்வளவு நாளாக? சளியில் இரத்தம் வந்ததா? உடம்பு மெலிந்ததா? சிகரெட், பீடி உண்டா? பழைய எக்ஸ்ரே வீட்டில் கிடக்கிறதா?

என் பெரியப்பாவிடம் இதை யாரும் கேட்கவில்லை. தொடையில் வந்த கட்டிக்கு முதலில் சுளுக்கு என்று பாம் பூசினார்கள், அப்புறம் சீழ் என்று கீறினார்கள். சீழ் வரவில்லை. எடுத்த துண்டு 'தொடைக் கட்டி' என்ற ஒற்றை வரியோடு லாப்புக்குப் போனது. நுரையீரலில் நிழல் இருப்பதாக எழுதிய எக்ஸ்ரே ரிப்போர்ட் வீட்டு அலுமாரியில் இருந்தது. தசையிலேயே தொடங்கிய சார்கோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம் என்று முதல் ரிப்போர்ட் வந்தது. அதன் பின்னால் ஓடி ஓடி, நுரையீரலுக்கு வந்து சேர நெடுநாள் ஆனது. எந்த இடத்தில், யார் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். அப்படி நினைக்க நியாயமும் இருந்தது.

ஏனென்றால் நுரையீரல் புற்றுநோய் தசைக்குப் பரவுவது அரிது. அது வழமையாகப் போவது மூளைக்கு, எலும்புக்கு, ஈரலுக்கு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு. நம் உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் தசை, அதற்கு இரத்தமும் தாராளமாகப் போகிறது. அப்படியிருந்தும் புற்றுக் கலங்கள் அங்கே லேசில் வேர்விடுவதில்லை. ஓயாமல் சுருங்கி விரியும் அசைவு, ஏறி இறங்கும் இரத்த ஓட்டம், உழைக்கும் தசையில் சேரும் லாக்டிக் அமிலம் எல்லாம் அவற்றுக்கு ஒத்துவருவதில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் புற்றுநோயால் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனைத் தொகுப்புகளைப் பார்த்தால், தசைக்குப் பரவியிருந்தது ஒன்றில் 1 சதவீதத்துக்கும் குறைவு, இன்னொன்றில் 17 சதவீதத்துக்கும் மேல். எவ்வளவு நுணுக்கமாகத் தேடினார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. உயிரோடு இருக்கும்போது நாம் காண்பதைவிட அது அதிகமாகவே இருக்கக்கூடும். அப்படித் தசைக்குப் பரவும் புற்றுநோய்களில் அடிக்கடி எழுதப்படுவது நுரையீரலில் தொடங்கியதுதான். சிலருக்கு இருமல் தெரியவருமுன்னே தசைக் கட்டிதான் முதல் அறிகுறி.

இடுப்புக்குள் இருக்கும் சோவாஸ் தசை, முதுகெலும்பை ஒட்டிய தசைகள், தொடை, பிட்டம் ஆகியவை இது அதிகம் காணப்படும் இடங்கள். இதிலே ஒரு சிக்கல். இந்த ஊரில் நீரிழிவுக்காரர் தசை நோவோடு வந்தால் சீழ்க்கட்டியைத்தான் முதலில் நினைப்பீர்கள், சோவாஸில் வீக்கம் என்றால் காசநோயை. இரண்டும் சரியான சந்தேகம். சீ.ரி. ஸ்கேனிலும் இந்தக் கட்டி பலவேளை சுற்றிலும் வெளிச்ச வளையமும் நடுவே கறுப்புமாக, அசல் சீழ்க்கட்டி மாதிரியே தெரியும். அதனால்தான், காய்ச்சல் இல்லை, தோல் சூடாகவோ சிவப்பாகவோ இல்லை என்றால் கீறுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன். முதலில் ஓர் அல்ட்ராசவுண்ட், தேவையென்றால் எம்.ஆர்.ஐ., அதன்பின் தடித்த ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயொப்சி. உண்மையிலேயே சார்கோமாவாக இருந்தாலும் கண்டபடி கீறியது பின்னால் செய்யவேண்டிய சத்திரசிகிச்சையைக் கெடுத்துவிடும்.

மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலும் சந்தேகத்தை மூடிவிடாதீர்கள். சிறிய கட்டி இதயத்தின் நிழலுக்குள்ளோ விலா எலும்புக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். சிகரெட்டைத் தொடாத அன்ரியையும் விட்டுவிடாதீர்கள். புகைக்காத ஆசியப் பெண்களில் வரும் நுரையீரல் புற்றுநோய்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் அதிகம் காணப்படுகிறது. அதற்கு ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற மாத்திரைகள் உண்டு. தசைக்கு வந்துவிட்டால் நோய் நான்காம் கட்டம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் கட்டி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவெடுக்கலாம். தசை நோவுக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தால் பலருக்கு நல்ல ஆறுதல். எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் தேவையில்லாத பெரிய வெட்டில் போய் முடியும்.

லாப் துண்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. நோயியல் நிபுணர் கையில் இருப்பது ஒரு சிறு துண்டுச் சதை மட்டும். 'இருமல், புகைப்பவர், எக்ஸ்ரேயில் நிழல்' என்று ஒரு வரி கூட இருந்தால் அவர் ரீ.ரீ.எஃப்-1 என்ற சாயப் பரிசோதனையைக் கையோடு செய்து பார்ப்பார். நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகையான அடினோகார்சினோமா பெரும்பாலும் அதில் பிடிபடும். நீங்கள் எழுதும் கடிதத்தில் அந்த ஒரு வரி இருந்தால், அடுத்தடுத்த வைத்தியசாலையிலும் அது கைமாறிப் போகும்.

பயொப்சி என்றதும் எங்கள் ஆட்கள் தயங்குவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று கோயில் வீதியிலும் சொல்வார்கள், கலியாண வீட்டிலும் சொல்வார்கள். ஸ்பெஷலிஸ்ட் ஐந்து நிமிடத்தில் சொல்வது அந்தப் பயத்துக்கு முன்னால் நிற்காது. பரம்பரையாக வந்துபோகும் டிஸ்பென்சரியில் நீங்கள், 'ஊசியால் பரவியதாக வருவது மிக அரிது, எடுக்காமல் விட்டால்தான் நட்டம்' என்று சொன்னால் கேட்பார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகம என்ற பெயரைக் கேட்டாலே ஒடுங்கிப்போகும் குடும்பங்களுக்கும் இதே பேச்சு தேவை. புற்று எங்கெங்கே பரவியிருக்கிறது என்று படத்தில் ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேன் மெஷினை அங்கே வாங்க நாட்டு மக்கள் சாதி மதம் பாராமல் காசு சேர்த்தார்கள். அதே மக்கள் தங்களுக்கென்று வரும்போது அங்கே போகப் பயப்படுகிறார்கள். பெட் ஸ்கேனுக்கு அனுப்பும்போது, முதல் நாள் கடும் உடற்பயிற்சியோ பாரம் தூக்குவதோ வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். வேலை செய்த தசையும் படத்தில் ஒளிரும், பிறகு வீண் குழப்பம்.

உங்கள் சங்கக் கூட்டமொன்றில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, ஒரு கதிரியக்க நிபுணரையும் ஒரு நோயியல் நிபுணரையும் கூப்பிட்டு இதைப் பேச வைக்க முடியுமா? பெரியப்பாவின் படங்களையும் ரிப்போர்ட்களையும் பெயரை மறைத்துக் காட்டுவதற்குப் பெரியம்மா சம்மதித்திருக்கிறார். கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெறாமகள்