வாட்டர்கலர் தாளின் மேற்பூச்சுக் குறைபாடு பற்றிய புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாள் பேடுகளின் குறைபாடு.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

தங்கள் நிறுவனத்தின் முழுப் பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள), 300 ஜிஎஸ்எம் பேடுகள் இரண்டைச் சென்ற மாதம் 2,300 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறு ஆண்டுகளாக இதே தாளில்தான் வரைந்து வருகிறேன்.

லால்பாக் பாறை மேலிருந்து தெரியும் காலை மூட்டத்தை மூன்று வாஷ்களில், அதாவது நீர்த்த நிறப் பூச்சுகளில், தீட்ட முனைந்தேன். பலகையைச் சற்றே சாய்த்து, அல்ட்ராமரீன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா பழுப்பு கலந்த சாம்பல் நிறத்தை மேலிருந்து இழுத்தபோது, விளிம்பில் திரண்டு பிரஷ்ஷோடு இறங்கி வரவேண்டிய நீரை, தாள் பட்ட இடத்திலேயே உறிஞ்சிக்கொண்டது. வானமெங்கும் அம்மைத் தழும்புபோல் கரும்புள்ளிகள் விழுந்தன. புறங்கையை வைத்துப் பார்த்து, சில்லிப்பு அறவே இல்லையென்று உறுதிசெய்துகொண்ட பின்னரே தொலைவு மரங்களுக்கான இரண்டாம் வாஷை இட்டேன். அதற்குள் மேற்பரப்பு பஞ்சுபஞ்சாகக் கிளம்பிவிட்டது. அடிநிறம் ஊடே தெரிவதற்காகத்தான் அடுக்கடுக்காகத் தீட்டுகிறோம். அதுவே சேறாகிவிட்டபின் மூன்றாம் வாஷுக்கு இடமேது?

தாள் நீரைச் சட்டென்று உறிஞ்சாமல் காக்கும் ஜெலட்டின் சைஸிங் பூச்சு சரியாக ஏறவில்லை, அல்லது ஈரமான கிடங்கில் கிடந்து கெட்டுப்போயிருக்கிறது என்றே கருதுகிறேன். பழைய பேடில் மிஞ்சியிருந்த தாளிலும் புதிய தாளிலும் ஒவ்வொரு சொட்டு நீர் விட்டேன். பழையதில் முத்துப்போல் நின்றது. புதியதில் பத்து எண்ணுவதற்குள் காணாமற்போயிற்று.

தொலைபேசியில் தங்கள் பிரிவினர், தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும்படி கூறினார்கள். நீர் தன் போக்கில் ஓடிக் கலப்பதைத் தாங்குவதற்காகவே இவ்வளவு விலை கொடுத்து இந்தத் தாளை வாங்குகிறோம் என்பதை அவர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். இரண்டாவது பேடை, ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வரைய வரும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தேன். அவர்களில் ஒரு சிறுமி தன் கைதான் சரியில்லை என்றெண்ணித் தாள் ஓட்டையாகும்வரை திரும்பத் திரும்பத் தீட்டிவிட்டு, கண் கலங்கி நின்றாள். அதை என்னால் மறக்க இயலவில்லை.

எனவே, இரண்டு பேடுகளின் விலையையும் திருப்பித் தருவதோடு, அதே தொகுப்பில் வந்த பேடுகளைக் கடைகளிலிருந்து எடுத்துச் சோதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். ரசீதின் நகலையும், கெட்டுப்போன ஓவியத்தையும், தீட்டாத தாள்கள் இரண்டையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிடில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்