ஈர விறகும் உன் மாடி பிரியாணியும்

மச்சி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பொங்கலுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள், பேரன் வீட்டையே கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனான், அதனால்தான் பதில் தாமதம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது இப்போதெல்லாம் நானும் உன்னைப் போலவே முனகுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மழையில் சாய்ந்த புங்கமரத்தைத் துண்டு போட்டு அடுக்கி, தார்ப்பாயால் இறுக்கி மூடிவிட்டேன், சித்திரையில் பேத்தி காதுகுத்துக்கு அந்த விறகிலேயே பிரியாணி என்று எழுதியிருக்கிறாய். முதலில் எழுந்து போய் அந்தத் தார்ப்பாயை எடு. மீதியை அப்புறம் படி.

நான் பட்டதைச் சொல்கிறேன். வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12 அன்று எங்கள் பெரம்பூர் வீட்டு வாசல் வேப்பமரம் காம்பவுண்டு சுவர்மேல் விழுந்தது. பணத்தட்டுப்பாட்டுக் காலம் வேறு, மரம் அறுக்க வந்தவரிடம் 2000 ரூபாய் நோட்டை நீட்டினால் சிரிக்கிறார், சில்லறைக்குத் தெருவெல்லாம் அலைந்தேன். ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்துக் கொடுத்தார். பிளக்கச் சோம்பல்பட்டு உருண்டையாகவே பின்பக்கம் அடுக்கி, மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டுக் கட்டிவைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் அடியில் காளான் முளைத்திருக்கிறது, ஆனால் மேலே இருந்த கட்டைகள் சாம்பல் நிறத்தில், தொட்டால் மொரமொரவென்று, பார்க்க நல்ல விறகு மாதிரியே இருந்தன. அந்தத் தோலை நம்பித்தான் 2017 ஜனவரி 14 அன்று வாசலில் கல் கூட்டிப் பானையை ஏற்றினேன். கட்டையின் இரண்டு முனையிலும் நுரை தள்ளுகிறது, உஸ்ஸென்று சீறுகிறது, தீ மட்டும் பிடிக்கவில்லை. பொங்கலோ பொங்கல் என்று கத்த வேண்டிய நேரத்தில் தெருவே இருமிக்கொண்டிருந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் பானையைத் தூக்கிக்கொண்டு போய் கேஸ் அடுப்பில் வைத்தாள். அந்த மௌனத்தை இன்றுவரை மறக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் அப்போது ஒரு விறகுத் தொட்டி இருந்தது, இப்போது அங்கே ஜிம். அந்த விறகுக் கடையை நடத்திய பெரியவரிடம் மிச்சக் கட்டையில் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் விறகைவிடத் தண்ணிதான் அதிகம் என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், பிறகுதான் தெரிந்தது, பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி எடை நீர்தான். அதை அடுப்பில் வைத்தால் நெருப்பு முதலில் அந்த நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். அந்தச் சூடெல்லாம் அதிலேயே போய்விடுவதால் கட்டையிலிருந்து கிளம்பும் வாயுக்கள் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறாமல் புகையாகப் போகின்றன. என் பொங்கல் அப்படித்தான் போனது.

அந்த நீர் எப்படி வெளியேறும் என்பதுதான் நான் தவறவிட்ட இடம். மரத்தின் நார் நீளவாக்கில் குழாய்க்கட்டு மாதிரி ஓடுகிறது, ஈரம் பெரும்பாலும் வெட்டிய முனைகள் வழியாகவே போகும், பட்டை வழியாகப் போவது மிகக் கொஞ்சம். அதனால் குட்டையாக அறுக்க வேண்டும், கட்டாயம் பிளக்க வேண்டும். உன் துண்டுகளை மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்துவிடு. தரையில் படாமல் இரண்டு வரிசைச் செங்கல் மேல் அடுக்கு, இல்லாவிட்டால் கறையான் உனக்கு முன்னால் விருந்து சாப்பிட்டுவிடும். மேலே மட்டும் ஒரு தகரம் போதும். மழையைக் கண்டு ரொம்பப் பயப்படாதே, காய்ந்த விறகுமேல் பட்ட மழை ஓரிரு நாளில் உலர்ந்துவிடும், மரத்துக்குள் ஊறியிருக்கும் நீர்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். வெயில் மட்டும் போதாது மச்சி, காற்றும் ஓட வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். பெரியவர் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவார், டங்கென்று கேட்டால் எடுத்துவைப்பார், தொப்பென்று கேட்டால் திரும்ப அடுக்குக்கே போகும். முனையில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விழும், பட்டை தானே கழன்று வரும். ஆனால் வெடிப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதே, முனைதான் முதலில் காய்வது, உள்ளே ஈரம் இருக்கும்போதே வெடித்துவிடும். இருப்பதிலேயே தடியான ஒன்றை எடுத்துப் பிளந்து, அந்தப் புதுமுகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். உன் மருமகன் சொன்ன ஈரமானிக் கருவி நல்லதுதான், ஆனால் அதையும் வெளித்தோலில் குத்தாதே, அப்போதுதான் பிளந்த முகத்தில் குத்தி 20 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிறதா என்று பார்.

எனக்குப் பிடித்தது தராசுதான். நாலைந்து கட்டைகளை எடுத்து எடையையும் தேதியையும் சாக்பீஸால் எழுதிவை, வாரம் ஒருமுறை நிறு. பாதி நீரோடு 10 கிலோ இருந்த கட்டை, ஈரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது 6 கிலோ 250 கிராம் இருக்கும், கணக்குப் போட்டுப் பார். எடை இறங்குவது நின்றுவிட்டால், நம் ஊர்க் காற்றில் அது காய வேண்டிய அளவுக்குக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கடற்கரை ஊரில் அதற்குமேல் பெரிதாகக் குறையாது.

இப்போதே பிளந்தால் மாசி, பங்குனி வெயில் இரண்டும் உனக்குக் கிடைக்கும், மெல்லிய துண்டுகள் சித்திரைக்குத் தயாராகிவிடும். பிளக்காத உருண்டைகளை அடுத்த வருஷத்துக்கு ஒதுக்கிவிடு. கூடவே விழுந்த முருங்கையையும் அடுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறாயே, அது விறகே இல்லை, பஞ்சு. அப்புறம், பிரியாணிக்குத் தம் போடும்போது மூடிமேல் கங்கு வேண்டும், அதற்குச் சவுக்கு நன்றாக நிற்கும். எதற்கும் காய்ந்த சவுக்கு இரண்டு கட்டு வாங்கி வை. புங்கை சொதப்பினால் பிரியாணி மாஸ்டர் என்னைத் திட்டமாட்டார், உன்னைத்தான் திட்டுவார்.

உன்னிடம் கோடாலி இருக்காது என்று தெரியும். என்னுடையது துருப்பிடித்துக் கிடந்தது, நேற்றுதான் தீட்டினேன். பிடி கழன்று ஆடுகிறது, மரம் காய்ந்து சுருங்கிவிட்டது. உப்பட்டும் என்று வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், அடிப்பது நீ, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்வது நான்.

உன்
பெரம்பூர்க்காரன்