கமிஷனை ரூபாயில் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு,

வண்டி இன்சூரன்ஸை விற்றுத் தருபவருக்குக் கம்பெனி கொடுக்கும் கமிஷன் பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். 2023 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தனித்தனி கமிஷன் வரம்புகளை எடுத்துவிட்டு, பொதுக் காப்பீட்டு (வண்டி, வீடு போன்றவற்றுக்கான) நிறுவனத்தின், கமிஷனும் சேர்ந்த மொத்த நிர்வாகச் செலவு பிரீமியத்தில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்றது. போட்டி வந்தது, விலையைக் குறைப்பதில் அல்ல, கமிஷன் கொடுத்து விற்பவரை வளைப்பதில். தண்டையார்பேட்டையில் மகளுக்கு ஸ்கூட்டர் எடுத்தபோது ஷோரூம் கொட்டேஷனிலேயே இன்சூரன்ஸ் கம்பெனி பெயர் அச்சாகியிருந்தது. வேறு கம்பெனியில் போட்டுக்கொள்கிறேனே என்றால், "அப்போ ரிஜிஸ்ட்ரேஷன் லேட்டாகும் சார்" என்று சிரிக்கிறார்கள்.

நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் அரசு வைத்தது, சரி. நம் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதியிலாவது விலை குறைய வேண்டாமா? விற்றவருக்குப் போகும் கமிஷனைப் பாலிசியின் முதல் பக்கத்திலேயே, சதவீதமாக இல்லாமல் ரூபாயாக, அச்சிடச் சொல்ல வேண்டும்.

- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை